தண்டலிடம் கற்ற பயணக் கணக்கு

(குலசேகரன்பட்டினத்தில், முதன்முறையாகக் கடல் தாண்டிச் சுற்றுப்பயணம் போக விரும்புவோருக்காக ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் நின்றுகொண்டு பயணத் திட்டம் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. முத்தாரம்மனுக்கு மாலை போட்டு, வேடம் கட்டி, தசராக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை பிரித்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருப்பீர்கள். எந்த நாள் எந்த ஊர், மத்தியானச் சாப்பாடு யார் வீட்டில், ராத்திரி மேளக்காரர்கள் எங்கே படுப்பது, காளி வேடம் போட்டவருக்குக் கால் வீங்கிவிட்டால் வேனுக்கு யாரிடம் சொல்வது என்று எல்லாவற்றையும் குழுத் தலைவர் மனக்கணக்காகவே வைத்திருப்பார். அந்தக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது? பத்தாம் நாள் ராத்திரி சூரசம்ஹாரத்துக்குக் கடற்கரையில் நின்றாக வேண்டும். அது அசையாது. அங்கிருந்து ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவார். எண்ணிக்கையில் இடிக்கிற ஊரை விட்டுவிடுவார். மனத்தாங்கல் வரும். வந்தாலும் விட்டுவிடுவார்.

இவ்வளவு தெரிந்த நாம், கடல் தாண்டும்போது மட்டும் அந்தக் கணக்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். அடுத்தவரைச் சொல்லவில்லை, என்னையே சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவன். பணி ஓய்வு பெற்றதும் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்குப் போனேன். ஏழு இரவு. கொழும்பு, அனுராதபுரம், திருகோணமலை, சீகிரியா, கண்டி, நுவரெலியா, கதிர்காமம், காலி என்று எட்டு ஊர். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் எல்லாம் விரற்கடைத் தூரம். மாதம் டிசம்பர். வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்கு வடகிழக்குப் பருவக்காற்றைப் பற்றிப் பாடம் எடுத்தவன், அதே காற்று கொட்டித் தீர்க்கிற நேரத்தில் திருகோணமலைக்கு அறை பிடித்திருந்தேன். இரண்டு பகல் மழையைப் பார்த்தோம். போன நாளெல்லாம் காலையில் பெட்டியைக் கட்டுவது, சாயங்காலம் அவிழ்ப்பது. ஐந்தாம் நாள் அவள் கேட்டாள்: “ஊர் பாக்க வந்தோமா, பெட்டியப் பூட்டித் திறக்க வந்தோமா?” எனக்குப் பதில் இல்லை.

நான் உள்ளபடியே ஆசைப்பட்டது கதிர்காமத்துக்கு. திருச்செந்தூர் வாசலில் வளர்ந்தவனுக்கு வேறென்ன ஆசை இருக்கும்? மலையிலிருந்து இறங்குகிற பாதையில் நேரம் கரைந்தது. போய்ச் சேர்ந்தபோது மாலைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மறுநாள் விடியுமுன் காலிக்கு வண்டி. முருகனைப் பார்க்காமலே திரும்பினேன். அந்தத் தோல்வியிலிருந்து கற்றதைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

நமக்கு இலங்கை தெரிந்த நாடு என்ற நினைப்பு உண்டு. சிக்கல் அங்கேதான். இந்தக் கரையில் பிறந்தவர்கள் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள். கொழும்பில் கடை வைத்திருந்த தாத்தாவோ சின்னத்தாத்தாவோ இல்லாத தெரு இந்த வட்டாரத்தில் குறைவு. 2006 முதல் அங்கேயும் இங்கேயும் கடிகாரம் ஒரே நேரம் காட்டுகிறது. வண்டியும் இடப்பக்கமே ஓடுகிறது. தமிழ் எழுத்தும் பலகைகளில் இருக்கிறது. ஆகவே நம் ஊர்தானே என்று இறங்கிவிடுகிறோம். ஆனால் அது தனி நாடு. அதற்கென்று காற்று, சட்டம், துக்கம் எல்லாம் இருக்கின்றன. பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பாதி. அந்தப் பாதிக்குள் கடல், காடு, பாலைபோன்ற பொட்டல், மேகம் தொடும் மலை அத்தனையும் அடைந்து கிடக்கின்றன. நூறு கிலோமீட்டருக்குள் வேர்க்கவும் செய்யும், நடுங்கவும் செய்யும்.

போகிற வழியும் நம் இஷ்டத்துக்கு இருந்ததில்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஓடிய காலம் ஒன்று. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோனது. 2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்புக் கப்பல் மறுபடியும் கிளம்பியது, அந்த நவம்பரிலேயே நின்றது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். சில நாளில் பருவமழை வந்து நிறுத்தியது. 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. மதுரை, திருச்சி, சென்னை விமான நிலையங்களிலிருந்து கொழும்புக்குப் போகலாம். சென்னை - யாழ்ப்பாணம் விமானம் 2019இல் தொடங்கி, நின்று, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். கடல் தாண்டும் வழி எதுவும் நிரந்தரம் இல்லை என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். போன வருஷம் மச்சான் போன கப்பல் இந்த வருஷம் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தூத்துக்குடித் தோணியை நீங்கள் அறிவீர்கள். பாய் கட்டிக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன தோணி. அதை நடத்துகிறவர் தண்டல். எங்கள் தெருவில் வயதான தண்டல் ஒருவர் இருந்தார். நான் சிறுவனாக இருக்கும்போது அவரிடம், “கொழும்புக்கு எத்தனை நாள் தாத்தா?” என்று கேட்டேன். “காத்தக் கேளு” என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் தொழிலின் முழுக் கணக்கே அதுதான் என்று புரிய எனக்கு நாற்பது வருஷம் ஆனது. தண்டல் முதலில் காற்றைப் பார்ப்பார். அடுத்தது பாதை. அடுத்தது, காத்துக்கிடக்க எத்தனை நாளுக்கு அரிசியும் தண்ணீரும் வேண்டும் என்பது. துறைமுகத்தின் பெயரெல்லாம் அதற்கப்புறம். தென்மேற்குக் காற்று உரக்கிற மாதங்களில் தோணியை எடுக்கவே மாட்டார்கள். பழுது பார்ப்பார்கள், பாய் தைப்பார்கள்.

முதலில் காற்று. இலங்கைக்கு இரண்டு மழைக்காலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கும்போது கொழும்பு, காலி, மலையின் மேற்குச் சரிவு எல்லாம் நனையும். அப்போது திருகோணமலையும் மட்டக்களப்பும் அறுகம் குடாவும் வெயிலில் காயும். அக்டோபர், நவம்பரில் எங்கே வேண்டுமானாலும் இடியோடு மழை வரும், புயலுக்கும் அதுவே காலம். பிறகு ஜனவரி வரை வாடை. வடக்கும் கிழக்கும் நனையும், தெற்கும் மேற்கும் தெளியும். ஆகவே ‘இலங்கைக்குப் போக எந்த மாதம் நல்லது?’ என்ற கேள்வியே பிழை. இலங்கையின் எந்தக் கரைக்கு என்று கேட்க வேண்டும். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை மேற்கு, தெற்கு, மலை. மே முதல் ஆகஸ்ட் வரை கிழக்கும் யாழ்ப்பாணமும். முதல் பயணத்தில் இரண்டு கரையையும் சேர்த்துக் கட்டினால் ஒன்றில் நனைவீர்கள். தீவு அடுத்த வருஷமும் அங்கேதான் இருக்கும்.

காற்று எங்கே கொண்டுவிடும் என்பதற்கு இந்தக் கடலிலேயே பழைய சாட்சி உண்டு. 1344இல் பயணி இப்னு பதூதா மாலத்தீவிலிருந்து, மாபார் எனப்பட்ட நம் கரைக்குக் கப்பல் ஏறினார். காற்று மாறிப் புத்தளத்தில் கொண்டுவிட்டது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று முத்துகளைக் காட்டினார், என்ன வேண்டும் கேளும் என்றார். இப்னு பதூதா கேட்டது ஒன்றே ஒன்று: மலையுச்சியில் இருக்கும் பாதச் சுவட்டைத் தரிசிக்க வழி. அரசர் பல்லக்கும், வருஷா வருஷம் அந்த மலைக்குப் போய்ப் பழகிய யோகிகளையும், உணவு சுமக்க ஆட்களையும் கொடுத்தனுப்பினார். அந்த மலையை நாம் சிவனொளிபாதமலை என்கிறோம். பௌத்தர்களுக்கு அது புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஆதம் மலை. உயரம் 2,243 மீட்டர். அதில் ஏறி இறங்கி அவர் தெற்கே தேவேந்திரமுனைக்குப் போனார், காலி வழியாகக் கொழும்பு வந்தார், புத்தளத்துக்கே திரும்பினார். நாடு சுற்றுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர், தெரியாத தீவில் இறங்கியதும் பத்து இடம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு ஆசையைச் சொன்னார், வழி தெரிந்தவரைக் கூட வைத்துக்கொண்டார், போகிற வழியில் இருந்ததை எல்லாம் பார்த்தார். போன பாதையிலேயே திரும்பவும் இல்லை. வட்டம் போட்டார்.

அடுத்தது பாதை. இதற்கு உதாரணம் தேடி நான் எங்கும் போக வேண்டாம். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டிய இஸ்ரோ ஏவுதளம் இங்கேயே எழும்புகிறது. ஏன் குலசேகரன்பட்டினம்? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ராக்கெட் விட்டால், இலங்கைக்கு மேலே பறக்கக் கூடாது என்பதற்காக நடுவழியில் அதை வளைத்துத் திருப்ப வேண்டியிருக்கிறது. வளைவு என்றால் எரிபொருள். பெரிய ராக்கெட் தாங்கும். சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவிலேயே சுமக்கும் திறனில் பெரும் பங்கு போய்விடும். நம் கரையிலிருந்து விட்டால் நேரே தெற்கு, முன்னால் வெறும் கடல். முதல் பயணம் போகிற நீங்களும் நானும் சின்ன ராக்கெட். ‘பக்கத்தில்தானே, அதையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம்’ என்கிற ஒவ்வொரு வளைவும் நம் எரிபொருளைக் குடிக்கிறது. திருகோணமலைக்கு நான் போட்ட வளைவின் விலையைக் கதிர்காமத்தில் கட்டினேன்.

அங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் எண்ணாதீர்கள், மணியில் எண்ணுங்கள். கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீட்டர். சாலையில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. கண்டியிலிருந்து நுவரெலியா எண்பது கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கும் கிட்டத்தட்ட அதே நேரம், அத்தனை கொண்டைவளைவு. கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகிற மலை ரயில் 1924இல் கடைசி ஊரைத் தொட்டது. முழுத் தூரமும் ஓடும் நாளில் முழுப் பகலையும் எடுத்துக்கொள்ளும். அந்த ரயிலைப் போக்குவரத்துக் கணக்கில் எழுதக் கூடாது, பார்த்த இடக் கணக்கில் எழுத வேண்டும். அன்று வேறொன்றும் வேண்டாம். முன்பதிவு இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், நாள் முடிவானதும் முதல் வேலை அதுதான்.

படுக்கை மாறுவதைக் குறையுங்கள் என்பதே நான் சொல்லக்கூடிய ஆக உபயோகமான புத்தி. தம்புள்ளைப் பக்கம் ஒரே அறையில் மூன்று இரவு தங்குங்கள். ஒரு நாள் காலை, வெயில் ஏறுமுன் சீகிரியா. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் பாறை உச்சியில் அரண்மனை கட்டிய இடம், ஆயிரத்துக்கு மேல் படி. ஒரு நாள் பொலன்னறுவை. சோழர் அதைப் பிடித்து ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்ட ஊர். வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் கல்லும் சிகரமுமாக நிற்கிறது. தஞ்சாவூரைப் பார்த்த கண்ணுக்கு அந்தச் சின்னக் கோயில் சொல்லுகிற சேதி வேறு. இன்னொரு பகல் தம்புள்ளைக் குகைக்கு. பெட்டியை ஒரே ஒரு தடவை அவிழ்த்தீர்கள், மூன்று இடம் பார்த்தாயிற்று. குழுத் தலைவர்கள் மேளத்தை ஒரே வீட்டில் இறக்கி வைத்துவிட்டுச் சுற்றுவட்டாரத்துக்குப் போய் வருகிற முறைதான்.

மூன்றாவது, காத்துக்கிடக்கும் நாள். 1897 ஜனவரி 15 அன்று விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து கொழும்பில் இறங்கினார். ரயிலில் கண்டிக்குப் போனார். மாத்தளையிலிருந்து குதிரை வண்டியில் அனுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் நோக்கி நெடும்பயணம். தம்புள்ளை தாண்டி ஓர் இறக்கத்தில் வண்டியின் முன்சக்கரம் நொறுங்கிப்போய், மூன்று மணி நேரம் நடுவழியில் நிற்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் வரவேற்புப் பந்தல் காத்திருக்கிறது, பாம்பனில் ராமநாதபுரம் சேதுபதி காத்திருக்கிறார். சக்கரத்துக்கு அதெல்லாம் தெரியுமா? உங்கள் பயணத்திலும் ஒரு சக்கரம் உடையும். எங்கே என்று தெரியாது, அவ்வளவுதான். ஆகவே நாலு நாளுக்கு ஒரு முறை எதுவும் எழுதாத ஒரு அரைநாளை விட்டு வையுங்கள். உடையாவிட்டால் அந்த அரைநாளில் தேநீர் குடியுங்கள். நஷ்டமில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அந்தத் தீவைப் புரட்டிப்போட்டதை நினைத்துப் பாருங்கள். மலையகத்தில் மண்சரிவு, நூற்றுக்கணக்கான உயிர்ச்சேதம், ரயில் பாதைகள் பல இடங்களில் சிதைந்தன. அத்தகைய பேரிடருக்குப் பிறகு போகிறவர், படத்தில் பார்த்த ரயில் எந்த நிலையம்வரை ஓடுகிறது என்று விசாரித்துவிட்டுப் போக வேண்டும். சொன்ன தேதியில் ஓடாத ரயிலைத் திட்டுவதற்குமுன், அந்தத் தண்டவாளத்துக்குக் கீழே யார் வீடு இருந்தது என்பதையும் யோசிக்க வேண்டும்.

காலண்டரும் ஒருவகைக் காற்றுதான். அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. மதுக்கடை மூடியிருக்கும், பல கடைகளில் இறைச்சியும் கிடைக்காது, புண்ணியத்தலங்களில் நெரிசல். ஏப்ரல் நடுவில் சிங்களவருக்கும் தமிழருக்கும் ஒரே நாளில் புத்தாண்டு. ஊருக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் கால்வைக்க இடமிருக்காது, கடைகள் அடைத்துக் கிடக்கும். கண்டிப் பெரஹரா ஊர்வலம் ஜூலை - ஆகஸ்டில், நல்லூர் திருவிழா அதையொட்டி இருபத்தைந்து நாள். பார்க்கவேண்டும் என்றே போகிறீர்களானால் மாதக்கணக்கில் முன்னதாக அறை பிடியுங்கள். தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். தசரா பத்தாம் நாள் சாயங்காலம் அறை கேட்டு இந்த ஊருக்கு வருகிற வெளியூர்க்காரரை நாம் எப்படிப் பார்ப்போம்? அப்படித்தான் பார்ப்பார்கள்.

இனிப் பேச்சு. 1542இல் பிரான்சிஸ் சவேரியார், பக்கத்து மணப்பாடு உள்ளிட்ட இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தார். குமரிமுனைப் பக்கமிருந்து தூத்துக்குடிவரை ஊர் ஊராக நடந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. செபங்களைத் தமிழில் பெயர்த்து வாங்கி, நெட்டுருப் போட்டு, கையில் மணியடித்துக்கொண்டு தெருவில் சொல்லிக்கொண்டே போனார். தப்புத் தப்பாகத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் ஜனங்கள் கேட்டார்கள். நீங்களும் சிங்களத்தில் நாலு வார்த்தை நெட்டுருப் போடுங்கள். வணக்கத்துக்கு ஆயுபோவன், நன்றிக்கு ஸ்துதி, எவ்வளவு என்பதற்குக் கீயத, தண்ணீருக்கு வதுர. விலை குறையுமோ இல்லையோ, முகம் மலரும்.

நம் தமிழே அங்கே வேறு உடுப்பில் இருக்கும். ஆமாம் என்பதற்கு ஓம். பேசுவது கதைப்பது, அழகு வடிவு, சீக்கிரம் என்பது கெதியா. டீயை யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணி என்பார்கள், பிரெட்டுக்குப் பெயர் பாண். நம் சினிமாவில் வருகிற மாதிரி அவர்களைப் போலப் பேசிக் காட்டாதீர்கள். அது மரியாதை இல்லை. சைவச் சாப்பாட்டுக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். நமக்குத் தெரிந்த மாசிக் கருவாடு அங்கே சம்பலில் தூளாகக் கரைந்திருக்கும். ‘மீன் இல்லையே?’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். மாசி போட்டதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு இடத்தில் வாயைவிடக் காதுக்கு வேலை கொடுங்கள். ஒன்று மலையகம். ரயில் சன்னலிலிருந்து பச்சை மலையைப் படமெடுக்கிறோம். அந்தத் தேயிலையைக் கிள்ளுகிறவர்கள் நம் ஜில்லாக்களிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள். 1820களில் கோப்பித் தோட்டத்துக்காகத் தொடங்கியது அந்தப் போக்கு. அவர்களைக் கூட்டி அனுப்புகிற முகாம் தூத்துக்குடிக்குப் பக்கத்துத் தட்டப்பாறையில் இருந்தது, பிறகு மண்டபத்துக்கு மாறியது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைவரை நடந்த கூட்டத்தில் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அதுவும் பல ஊர் தாண்டிய முதல் பயணம்தான். திட்டம் மட்டும் அவர்களுடையது இல்லை. அவர்களுடைய லயன் என்கிற வரிசை வீட்டு வாசலில் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

இன்னொன்று வடக்கு. 1981இல் எரிந்து மீண்டும் எழுந்த யாழ்ப்பாண நூலகத்துக்குப் போங்கள். 1990இல் அறுந்த ரயில் 2014இல்தான் திரும்பவும் யாழ்ப்பாணம் தொட்டது. 2009இல் முடிந்த போரைப்பற்றி அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள். கடற்கரைப் பக்கம் போனால் நம் இழுவைமடி விசைப்படகுகள்மேல் அங்கத்து மீனவருக்கு இருக்கிற கோபம் காதில் விழும். கடல்புரத்து ஆட்களாகிய நமக்கு அது கசக்கும். இருந்தாலும் கேட்டுவிட்டு வாருங்கள். அறுந்த வலையின் கணக்கு இரண்டு கரையிலும் ஒன்றுதான்.

சில்லறை வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். மின்னணுப் பயண அனுமதிக்கு இலங்கை அரசின் இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், கட்டணமும் விதியும் மாறிக்கொண்டிருப்பவை. முதல் இரவுக்கும் கடைசி இரவுக்கும் அறையை உறுதியாகப் பிடித்துவிடுங்கள். நடுவில் இருப்பவற்றை மாற்ற முடிகிற மாதிரி வையுங்கள். பணத்தை இரண்டு பேரிடம், இரண்டு பையில். டெங்கு உண்டு, கொசுவுக்கு முழுக்கைச் சட்டை. மழைக்காட்டில் அட்டை உண்டு, நுவரெலியாவில் குளிர் உண்டு, ஒரு கம்பளிச் சட்டை போதும். விகாரைக்குள் செருப்பில்லாமல், முழங்கால் மறைத்துப் போக வேண்டும். புத்தருக்கு முதுகு காட்டிப் படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டாந்தரை சுடும், ஒரு ஜோடி காலுறை வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

மாதிரிக்கு ஒரு திட்டம் கேட்பீர்கள். பிப்ரவரி மாதம், ஒன்பது இரவு என்று வையுங்கள். விமான நிலையம் கட்டுநாயக்காவில். கொழும்புக்குள் போகாமல் பக்கத்து நீர்கொழும்பில் ஓர் இரவு. தம்புள்ளையில் மூன்று. கண்டியில் இரண்டு. மலைக்கு மேலே நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ இரண்டு. கடைசி இரவு கொழும்பு. பெட்டி ஐந்து தடவைதான் அவிழும். யாழ்ப்பாணம் வேண்டுமென்றால் மே முதல் ஆகஸ்டுக்குள் அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் இறங்கி, ரயிலில் தெற்கே வந்து, கொழும்பில் விமானம் ஏறினால் ஒரே பாதையில் திரும்புகிற வீண்வேலை இல்லை. காலி இல்லையே, திருகோணமலை இல்லையே என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. கதிர்காமமும் இல்லை பாருங்கள். உங்கள் ஒரே ஆசை கதிர்காமமாக இருந்தால் தம்புள்ளையை வெட்டிவிட்டு அதைப் போடுங்கள். இரண்டையும் சேர்க்கக் கேட்டால் நான் மாட்டேன்.

நான் அப்படித்தான் செய்தேன். அடுத்த முறை போனபோது, மூன்று இரவு கதிர்காமத்தில் மட்டும் தங்கினோம். காலையில் மாணிக்க கங்கையில் குளிப்போம். மரத்தடியில் குரங்குகளுக்குப் பயந்து பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காருவோம். அந்த வளாகத்துக்குள் பள்ளிவாசலும் இருக்கிறது, சற்று நடந்தால் கிரிவெஹரா என்ற பௌத்தத் தூபியும் இருக்கிறது. சிங்களக் குடும்பங்கள் பழத்தட்டைத் தலையில் ஏந்தி வருகின்றன. சாயங்காலம் ஆனால் மணியோசை. மூன்று நாளும் மாலைப் பூசைக்கு முன்வரிசையில் நின்றேன்.

உங்களில் போனவர்களுக்குத் தெரியும், அந்தச் சன்னதியில் சிலையைக் காட்டுவதில்லை. முருகன் படம் எழுதிய திரை தொங்கும். பூசை செய்கிறவர் திரைக்குப் பின்னே போவார், வாய்கட்டிப் பூசை செய்வார், வெளியே வருவார். திரை விலகாது. எட்டு ஊரையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடிய முதல் பயணத்தில் நான் நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தாலும் இதே திரையைத்தான் பார்த்திருப்பேன், படமெடுக்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டிருப்பேன். மூன்றாம் நாள் சாயங்காலம் எனக்குத் திரை போதுமாக இருந்தது. பக்கத்தில் நின்ற சிங்கள அம்மாள் தன் தட்டிலிருந்து ஒரு துண்டு மாம்பழத்தை எடுத்து என் வீட்டுக்காரி கையில் வைத்தார். இவள் நெட்டுருப் போட்ட ஒரு வார்த்தையைச் சொன்னாள்: “ஸ்துதி.”

அன்று ராத்திரி பெட்டியைக் கட்டும்போது அவளிடம் கேட்டேன், அடுத்த தடவை எங்கே போகலாம் என்று. “காத்தக் கேட்டுட்டுச் சொல்லுங்க” என்றாள்.